வெயிலுக்குக் காத்திருந்த டைரக்டர்

அவர் முதல்முதலாக எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது டைரக்டர் இல்லை, கேமராமேன். நடுவட்டத்துக்கு மேலே நாங்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மலையில் ஏதோ ஒரு படத்துக்குப் பாட்டு எடுக்க வந்தார்கள். ஒரு ஜோடி தேயிலைக்கு நடுவே ஓடிக்கொண்டே இருந்தது. இந்த மனுஷன் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, கழுத்துக் கயிற்றில் தொங்கிய கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மேகம் விலகினால் கத்துவார். மறைத்தால் சிகரெட் பற்றவைத்து உட்கார்ந்துவிடுவார். மழையிலும் பனியிலும் நிற்கிற எங்களுக்கு, வெயில் வரட்டும் என்று வேலையை நிறுத்துகிற ஆளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அந்தாளு என்னாடி, அப்பளம் காயப் போட்டிருக்காரா?" என்றாள் எனக்குப் பக்கத்து நிரையில் நின்றவள்.

பனியைப் படம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பத்திரிகையில் போட்டிருப்பதாக டீக்கடையில் சொன்னார்கள். அதில் என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கிறதோ தெரியவில்லை. நடுவட்டத்தில் கதவைத் திறந்தால் பனி தானாகவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பிறகு அவர் டைரக்டராகி, அதே தொப்பியோடு திரும்பி வந்தார். இந்தத் தடவை கதையும் அவருடையதாம். சிலோனிலிருந்து கப்பலேறி வந்த எங்களைப் பற்றிய கதை. எங்களில் ஒருவரையும் கேட்டு அவர் எழுதவில்லை. ஊட்டியில் ஓட்டல் அறையில் இருந்துகொண்டே எங்கள் கஷ்டம் முழுவதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் நானும்தான் இந்தப் பக்கம் வந்தோம். அக்கா வரவில்லை. அவளை அங்கேயே வேறு தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தது, அவள் புருஷன் வீட்டாருக்கு அந்த நாட்டுப் பிரஜா உரிமை கிடைத்திருந்தது. பிறகு அங்கே கலவரம் வந்தது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களைக் கொளுத்திவிட்டார்கள் என்று எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அக்கா இருந்த தோட்டத்தின் பெயரைக் கேட்டால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏதாவது சடங்கு செய்துவிடலாமே என்று லயத்தில் ஒருத்தி வாயெடுத்தபோது அம்மா அவளை விரட்டிவிட்டாள்.

"எம் புள்ள உசுரோட இருக்கா. ஒன் வாயக் கழுவிட்டு வா."

எங்கள் லயத்தில் சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அது டைரக்டர் காதுக்கும் போய்விட்டது. சூப்பர்வைசர் கோயம்புத்தூர் பக்கத்து ஆள். ஒரு நாள் டைரக்டரை நேராக நிரைக்கே கூட்டி வந்தார்.

"ஏனுங்கம்மா, சாரு உங்களத்தான் தேடிட்டு வந்திருக்காருங்க. ஒரு ஒப்பாரி வெச்சுக் குடுத்துருங்க."

அம்மா கூடையை இறக்கவில்லை. "செத்தது யாருங்க?"

டைரக்டர் சிரித்தார். "யாரும் சாகலம்மா. சினிமாதானே? ஹீரோ செத்துக் கெடப்பாரு. நீங்க சுத்தி ஒக்காந்து அழணும், அவ்ளோதான்."

"சும்மாவெல்லாம் வைக்க மாட்டமுங்க சாமி. யாரை நெனச்சு வைக்கிறோமோ, அவுக செத்தவுக கணக்குத்தான்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒங்க பொண்ணு அங்க கலவரத்துல போய்ட்டாங்களாமே? அவங்கள மனசுல வச்சுக்கிட்டு அழுங்கம்மா. நேச்சுரலா வரும்."

டீயில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடச் சொல்கிற மாதிரி சொன்னார். நான் கிள்ளுவதை நிறுத்திவிட்டேன். அம்மாவின் கை மட்டும் நிற்காமல் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சூப்பர்வைசர் மறுபடியும் வந்தார். "நீங்க இன்னும் டெம்பரரிதானுங்க. தோட்டத்துத் தொரையே சரின்னு சொல்லிப்போட்டாருங்க. நாளைக்குப் பேரை வெட்டிப்போட்டா ஊடும் போயிருமுங்க. நானென்னங்க பண்ணட்டும்?"

லயத்து அறை போனால் மூன்று பேரும் ரோட்டில்தான். மாட்டேன் என்று சொல்லிவிடு என்று நான் அம்மாவிடம் முணுமுணுத்தேன். என் பேச்சு எப்போதும் எனக்கே சரியாகக் கேட்காது.

"வைக்கிறேங்க," என்றாள் அம்மா. வீட்டுக்கு வருகிற வழியில் என்னிடம், "ஆனா எம் புள்ளைக்கு இல்ல," என்றாள்.

படப்பிடிப்பு அன்று ஹீரோ முகமெல்லாம் பவுடர் பூசிப் பாயில் கிடந்தார். கேமரா அந்தப் பக்கம் திரும்பினால் வாயில் பிஸ்கட். பெண்கள் எல்லாரையும் சுற்றி உட்கார வைத்தார்கள். நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தேன். அம்மா கொண்டையை அவிழ்த்தாள். பிணத்தைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற டைரக்டரைப் பார்த்தபடி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள்.

"தொப்பி வச்ச எஞ் சாமி – இந்தத்
தோட்டமெல்லாம் மேஞ்ச சாமி!
மேகம் கலையுமின்னு – நீங்க
மேல பாத்து நின்னீகளே!
வெயிலத் தேடி வந்த சாமி – இப்ப
வெந்து சாம்பலாப் போனீகளே!"

பக்கத்து நிரைக்காரி என் தொடையைக் கிள்ளினாள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக் குனிந்துகொண்டோம். சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கியது. எங்கள் துக்கத்தைப் பார்த்துக் கேமரா கிட்டத்தில் வந்தது. டைரக்டர் கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படத்தில் ஹீரோவுக்கும் ஒரு தொப்பி இருந்தது, அதனால் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

கடைசி அடியில் மேகம் மூடிவிட்டது. "அம்மா, லைட் போச்சு. இன்னொரு தடவை!"

"ஒரு ஆளு ஒரு தடவதாங்க சாவாரு," என்று அம்மா கொண்டையை முடிந்தாள்.

அவர் வந்து அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "நல்லா இருங்க சாமி," என்று அம்மா முகம் மாறாமல் சொன்னாள். பிறகு எங்கள் எல்லாரையும் ஓடைக்குக் கூட்டிப்போய், உறைகிற தண்ணீரில் தலை முழுகச் சொன்னாள். சாவுக்குப் போய்வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் போகக் கூடாது. என்ன ஒரு பண்பாடு என்று டைரக்டர் தன்னோடு வந்தவர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டதாகக் கேள்வி.

படம் குன்னூருக்கு வந்தபோது போய்ப் பார்த்தோம். தியேட்டரில் எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள், எங்கள் வரிசை மட்டும் குலுங்கியது. டிக்கெட் கிழிக்கிறவர் வந்து டார்ச் அடித்து அதட்டினார். படம் சீக்கிரமே தியேட்டரை விட்டு ஓடிப்போய்விட்டது. அதற்கப்புறம் இன்னும் ஒன்றிரண்டு எடுத்தார். எல்லாவற்றிலும் அதே பனி, பனிக்குள் யாராவது ஒருத்தி அழுவாள். பணம் போட ஆள் கிடைக்காமல் போனபின் பழையபடி அடுத்தவர் படத்துக்குக் கேமரா பிடிக்கப் போய்விட்டார்.

அம்மா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அக்கரையிலிருந்து யார் வந்தாலும் அக்காவைத்தான் விசாரிப்பாள். கடைசி வரைக்கும் அவளுக்கென்று ஒப்பாரி வைக்கவில்லை.

போன மாதம் டிவியில் அவருக்குப் பாராட்டு விழா. தாடியெல்லாம் வெளுத்திருந்தது, தொப்பி மட்டும் போகவில்லை. "இறந்துபோன மகளுக்காக ஒரு மலைத்தாய் வடித்த கண்ணீரை நான் படம் பிடித்தேன்," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எங்கள் அம்மா சாகடிக்காத பிள்ளையை இவர் மேடை போட்டுச் சாகடித்தார்.

"அத்த, நம்ம பாட்டியத்தான சொல்றாரு?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் மருமகள்.

"அது எங்கக்காவுக்கு வச்சது இல்ல. இந்தாளுக்கு வச்சது."

நடந்ததைச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆனா அத்த, இன்னும் குத்துக்கல்லு கணக்கா ஒக்காந்திருக்காரே!"

"அதுதான் எனக்கும் வருத்தம்," என்றேன்.