கோர்ட் ஷூவில் ஒட்டிய சிவப்பு அம்பு

பத்தாவது வரைதான் படித்தவள் நான். பத்திரிகைக்கு எழுதும் அளவுக்கு இவளுக்கு என்ன தெரியும் என்று தோன்றினால் மன்னித்துவிடுங்கள். வாயால் சொல்லலாம் என்றால் எனக்குப் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது போன வருஷம் ஆடி மாதம், ஆம்பூர் பக்கம் ஒரு கோர்ட்டில்.

பதினெட்டு வருஷமாக ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தயாராகி வரும் ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருந்தாலோ, அடிப்பாகம் ஒட்டும் பேஸ்ட் வெளியே வந்திருந்தாலோ, தோலில் கீறல் இருந்தாலோ அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாக வைத்துவிடலாம். சட்டென்று எடுக்க வசதியாக ஸ்டிக்கர்களை இடது மணிக்கட்டில் வரிசையாக ஒட்டி வைத்திருப்போம். வாயைத் திறக்காமலே குறை சொல்கிற வேலை. எனக்கென்றே செய்த மாதிரி இருக்கும்.

எங்கள் தெருமுனையில் கடிகாரம் ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் இருக்கிறார். அறுபது வயதிருக்கும். அவர் எனக்கு நேர் எதிர். ரோடு, தண்ணீர், ரேஷன் எதுவானாலும் மனு எழுதுவார். பதில் வராவிட்டால் பொறுப்பில் இருப்பவரின் பெயரைச் சொல்லியே போனில் வீடியோ போடுவார். எங்கள் போர் தண்ணீர் மஞ்சளாக, நாற்றத்தோடு வர ஆரம்பித்தபோது, தோல் பதனிடும் டேனரிகளின் கழிவைத் தடுக்க வேண்டியவர்கள் யார், ஏன் தடுக்கவில்லை என்று தைரியமாகக் கேட்டது அவர் ஒருவர்தான்.

அதற்கு முந்தைய வருஷம் சமுதாயக் கூடத்தில் குறை கேட்கும் கூட்டம் நடந்தது. பதவியில் இருக்கும் ஒரு தலைவர் வந்திருந்தார். பாய் எங்கள் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோய் அவர் முன்னால் மேஜையில் வைத்தார்.

"ஒரே ஒரு வாய் குடிங்க சார். அப்புறம் ஜென்மத்துக்கும் நான் மனு எழுத மாட்டேன்."

கூட்டம் சிரித்துவிட்டது. தலைவரின் முகம் கறுத்துப்போனது. கொஞ்சம் தள்ளுமுள்ளு ஆனது, மேஜை சாய்ந்தது. அவ்வளவுதான். நான் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது ஒரு போலீஸ்காரர் காகிதம் ஒன்றை நீட்டி, "இங்க இருந்தேன்னு ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போம்மா" என்றார். என்ன காகிதம் என்று கேட்கக் கூச்சம். போட்டுவிட்டேன்.

பாய் தன் காலில் இருந்த ஷூவைக் கழற்றித் தலைவர் மேல் எறிந்தார், அந்த ஷூவைப் போலீஸ் கைப்பற்றியதற்கு நான் சாட்சி என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. பாய் பதினாறு நாள் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். கேஸ் நடந்தது. தண்டனை கிடைத்தால் மறுபடி உள்ளே போக வேண்டும். அதுவும் என் கையெழுத்தால். வெட்கத்தில் ஒரு வருஷம் அவர் கடை வழியே போகாமல், பின் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

ஒரு நாள் சம்மன் வந்தது. பக்கத்து டேபிளில் வேலை செய்யும் அக்காவிடம் மட்டும் காட்டினேன்.

"இன்னாடி, கூண்டுல ஏறி இன்னா பண்ணுவ? எங்கிட்டயே நீ நாலு வார்த்தைக்கு மேல பேச மாட்ட."

"தெரியலக்கா."

"பேஜார் பண்ணாத. பாத்தத பாத்தேன்னு சொல்லு, பாக்காதத பாக்கலன்னு சொல்லு. இதுக்கு டிகிரியா வேணும்?"

சாட்சி சொல்ல வேண்டிய அன்று பாதி ஷிஃப்ட்டில் பர்மிஷன் போட்டுவிட்டு அப்படியே கோர்ட்டுக்கு ஓடினேன். வராந்தாவில் பாய் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"டீ குடிச்சியாம்மா? கூப்பிட நேரமாகும், போய்க் குடிச்சுட்டு வா."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் காலைப் பார்த்தேன். நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. எனக்குத் தெரிந்து அவர் வேறு எதுவும் போட்டதில்லை.

கூண்டில் ஏறினேன். மேஜிஸ்ட்ரேட் ஒரு பெண். அரசு வக்கீல் காகிதத்தைக் காட்டி, உங்கள் கையெழுத்துதானே என்று கேட்டார். தலையாட்டினேன். "தலையாட்டுனா டைப் பண்ண முடியாதும்மா, வாயத் தொறந்து சொல்லுங்க" என்றார் டைப் அடிப்பவர். "ஆமாங்க" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

பிறகு வக்கீல் ஒரு துணிப்பையிலிருந்து பழுப்பு நிற ஷூ ஒன்றை எடுத்து, "இதைத்தானே கைப்பற்றினாங்க? நல்லா பாத்துச் சொல்லுங்க" என்று என் கையில் கொடுத்தார்.

அங்கேதான் தப்பு நடந்தது. கைக்கு ஷூ வந்ததும் எனக்குக் கோர்ட் மறந்துபோய்விட்டது. வழக்கம்போலத் திருப்பினேன். பக்கவாட்டில், அடிப்பாகம் ஒட்டும் இடத்தில் பேஸ்ட் வெளியே வந்து காய்ந்திருந்தது. மணிக்கட்டிலிருந்து ஒரு ஸ்டிக்கரை உரித்து அந்த இடத்தில் ஒட்டினேன். அவசரத்தில் அவற்றைக் கையிலிருந்து எடுக்காமலே வந்திருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டைப் அடிப்பவர் எழுந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா ஒட்டுறீங்க? அது கோர்ட் பொருள்" என்றார் மேஜிஸ்ட்ரேட்.

"பேஸ்ட் வெளிய வந்திருக்குங்கம்மா. இது பாஸ் ஆகாது. ரிஜெக்ட் பீஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். ஓரத்தில் நின்ற போலீஸ்காரரும் சிரித்தார். மேஜிஸ்ட்ரேட் ஒரு ஃபைலை முகத்துக்கு நேராகத் தூக்கி எதையோ தேடினார். பிறகு என் வேலையைப் பற்றி விசாரித்துவிட்டு, "சரி, செக்கிங்தானே நீங்க. வேற என்ன குறை இருக்கு?" என்றார். விளையாட்டாகக் கேட்டாரா, வேண்டுமென்றே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஷூவைப் பற்றிக் கேட்டால் எனக்கு என்ன பயம்? விரலை வைத்து வைத்துச் சொன்னேன்.

"மேல் தோல்ல மடிப்பே இல்லீங்கம்மா. நாலு எட்டு வச்சாலே விரல் மடங்குற எடத்துல கோடு விழும். உள்ள குதிகால் பட்ட அடையாளம் இல்ல. அடியில ஒரு கீறல் இல்ல. இத யாரும் கால்ல போட்டதே இல்லீங்க. எங்க பக்கம் ரிஜெக்ட் பீஸ் தள்ளுவண்டியில வரும், அதுல வாங்குனதா இருக்கும்."

அரசு வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதெல்லாம் நான் கேக்கல. கைப்பற்றினத பாத்தீங்களா, இல்லையா?"

அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. "பாக்கலீங்க. அன்னிக்கு யாரும் எதையும் எறியல. கையெழுத்து கேட்டாங்க, படிக்காம போட்டுட்டேன். அது என் தப்புங்க."

அவர் பிறழ் சாட்சி என்று ஏதோ சொன்னார். என்னைத்தான் பிடித்து உள்ளே போடப் போகிறார்கள் என்று நினைத்து, வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று யோசித்தேன். மேஜிஸ்ட்ரேட் நான் போகலாம் என்றார்.

"ஸ்டிக்கரை எடுத்துடட்டுங்களாம்மா?"

"இருக்கட்டும்" என்றார்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு. யாரும் கூப்பிடாமலே போனேன், அக்காவையும் இழுத்துக்கொண்டு. விடுதலை என்று வாசித்ததும் பாய் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து டீக்கடையில் வந்தவர்கள் எல்லோருக்கும் சமோசா சொன்னார்.

"இத்தன வருஷமா ஒரே தெருவுல இருக்கோம், இந்தப் பொண்ணு பேசி நான் கேட்டதில்ல. கடைசியில ஷூவுக்காகத்தான் வாயத் தொறந்திருக்கு."

"தொறந்தது தொறந்தாச்சு பாய், இனிமே மூடறது கஷ்டம்" என்றாள் அக்கா.

அவள் சொன்னது சரிதான். பஸ்ஸில் ஊர் வரும்வரை நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஜன்னல் வழியே வந்த காற்றும், எதற்கோ இருவரும் சிரித்துக்கொண்டே வந்ததும் நினைவிருக்கிறது.

பாயும் நானும் இத்தனை வருஷமும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம், குறை இருக்கும் இடத்தில் விரலை வைக்கிற வேலை. எனக்கு அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள், அவருக்கு ஜெயிலைக் கொடுத்தார்கள் என்பதை இப்போதும் ஒவ்வொரு ஸ்டிக்கர் ஒட்டும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் முன்பு போலவே பாய் கடை வழியாக வந்தேன். தெருக் கால்வாய் அடைப்பு பற்றி ஒரு மனு எழுதி வைத்திருந்தார். மூன்று பக்கம். முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.