சுத்த சைவ நாய்

பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். என்ன படித்திருக்கிறாய் என்று மிருகங்கள் கேட்காது என்பதால், பாலக்கரையில் ஒரு நாய் ஆஸ்பத்திரிக்கு வேலை கேட்டுப் போனேன். “இன்னிக்கு ஒரு நாள் வைத்தியத்துக்கு வர்ற நாயைப் பிடிச்சுக் காட்டுங்க, பார்க்கலாம்” என்றார் டாக்டரம்மா.

முதலில் வந்தது கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய். ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர் கூட்டி வந்திருந்தார். இரண்டு நாளாக வாந்தியாம்.

“கடிக்குமா மாமி?”

“சமத்துக் குழந்தை. எங்காத்துல அதுவும் சுத்த சைவம்.”

எனக்கு நாய் என்றாலே பயம்; இதைக் கேட்டதும் அது இன்னும் அதிகமானது. இத்தனை வருடம் ஆசையை அடக்கிய நாய் என் கையைப் பார்த்து என்ன நினைக்கும்? அதற்கு வயிறு நிறைந்திருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும்.

“கடைசியா என்ன சாப்பிட்டுச்சு? வேற எதையாவது கடிச்சுச்சா?”

மாமி யோசித்தார். “தயிர் சாதம்தான்... ஆனா மாமாவோட சாக்ஸ் ஒண்ணைக் காணோம்.”

டாக்டரம்மா சட்டென்று நிமிர்ந்தார். “அதான் வாந்தி! இப்படி அக்கறையா விசாரிக்கிற ஆள்தான் வேணும். வேலை உங்களுக்குத்தான்.”

நான் இன்னும் நாயைத் தொடவே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. சிரித்துக்கொண்டேன்.

“சரி, வாயைத் திறந்து பிடிங்க” என்றார் டாக்டரம்மா.