ரோஸி அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகள்

ரோஸி அக்கா போய்விட்டார்.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து டீ போட்டுக்கொண்டிருந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள்... முடிந்துவிட்டது. இதை டைப் பண்ணும்போதும் மனசு ஒப்பவில்லை.

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில், ஸ்டிச்சிங் லைனில், எனக்குப் பக்கத்து மெஷின். வேலையில் எல்லோரையும் போலத்தான், சூப்பர்வைசரிடம் திட்டும் வாங்குவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் லைனில் இருக்கிற குடும்பங்களை வீட்டை விட்டு வெளியே கிளப்பியவர் அவர்தான்.

வேலூர் கோட்டைப் பூங்கா, அமிர்தி, ஏலகிரி... செலவில்லாமல் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று அக்காவைக் கேட்டால் போதும். டவுன் பஸ், வீட்டுச் சாப்பாடு, ரெண்டு பாய். அவ்வளவுதான் டூர்.

"லேடீஸுக்கு பஸ் ஃப்ரீ. ஆம்பளைங்களுக்குத்தான் டிக்கெட்டு. அதனால வூட்டுக்காரங்கள மட்டும் கம்மியா கூட்டினு வாங்க" என்பார்.

புது இடம் என்றால் முன்னாடியே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அழகான இடமா என்றெல்லாம் பார்க்க மாட்டார். நிழல் இருக்கிறதா, பொம்பளைங்க போக பாத்ரூம் இருக்கிறதா... இது ரெண்டும் இருந்தால்தான் வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வரும்.

ஒரே ஒரு தடவை சொதப்பினார். மார்கழியில் ஜலகாம்பாறை அருவியைப் பார்த்துவிட்டு வந்து, எங்களைச் சித்திரையில் கூட்டிக்கொண்டு போனார். போய் நின்றால் பொட்டுத் தண்ணி இல்லை. பிள்ளைகள் எல்லாம் டவலைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறார்கள்.

"இன்னாக்கா இது?" என்றேன்.

"தண்ணிதான இல்ல? பாறை இருக்குது பாரு, ஒக்காரு. சோத்தைப் பிரி."

அன்றைக்கு அந்தப் பாறையில் உட்கார்ந்து சிரித்த மாதிரி நான் எங்கேயும் சிரித்ததில்லை.

என் வீட்டுக்காரர் சேகருக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. அங்கே வெள்ளிக்கிழமை வார லீவு. எங்கள் கம்பெனிக்கு ஞாயிறு. எங்கள் ஊரில் இப்படி நிறைய வீடு உண்டு. ரெண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு என்றால் அது பண்டிகைக்குத்தான், அதுவும் சொந்தக்காரர் வீடுகளிலேயே முடிந்துவிடும். பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு பார்க்குக்குக்கூடப் போனதில்லை. அவர் லீவு போடுகிற ஆளும் இல்லை. காய்ச்சல் அடித்தாலும் போய் நிற்பார்.

ஒருநாள் கோட்டையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் என் பெரியவள் கேட்டாள். "எல்லார் அப்பாவும் வர்றாங்க. நம்ம அப்பா மட்டும் ஏம்மா வர்றதே இல்ல?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின் சீட்டில் ரோஸி அக்கா இருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

அடுத்த டூர் எங்கே தெரியுமா? அந்த டேனரிக்குப் பின்னால், பாலாற்றங்கரையில் இருக்கும் தென்னந்தோப்பு!

குரூப்பில் ஒரே சண்டை. "வாரம் பூரா மூக்குல ஏறுற நாத்தம் பத்தாதாக்கா? ஞாயித்துக்கிழமையும் அங்கயே போவணுமா? பேஜாரா இருக்குது" என்றாள் ஒருத்தி.

அக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டார். "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு போயி நின்னு பாத்துட்டேன். மத்தியானத்துல தோப்புப் பக்கம் நாத்தம் வராது. நெழலும் ஜாஸ்தி. வாயை மூடினு வாங்க."

போனோம். சாப்பாட்டு நேரத்துச் சங்கு ஊதியது. வாட்ச்மேனிடம் அக்கா சொல்லி அனுப்பியிருந்ததால், வீட்டுக்காரர் கம்பூட்ஸோடு கேட்டுக்கு வந்தார். வெளியே நானும் பிள்ளைகளும் நிற்பதைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல சேகரு. கையைக் கழுவினு வா, சாப்புடலாம்" என்றார் அக்கா.

தோப்பில் பாய் விரித்திருந்தோம். சின்னவன் அப்பா மடியை விட்டு இறங்கவே இல்லை. பெரியவள் தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அப்பா தட்டில் வைத்தாள். எவ்வளவு கழுவியும் விரலில் சாயம் போகவில்லை என்று அவர் ஸ்பூனால் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டார். மறுபடி சங்கு ஊதும் வரைக்கும்தான்... எழுந்து ஓடினார்.

பெரியவள் அதற்கு 'அப்பா டூர்' என்று பேர் வைத்தாள். அதற்கப்புறம் அதே தோப்புக்குப் பல தடவை போனோம். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். ஆனால் வந்தார்கள்.

குரூப்பில் அக்கா கடைசியாகப் போட்ட மெசேஜ்: "வர்ற ஞாயிறு அமிர்தி. தண்ணி பாட்டில் ஆளுக்கு ஒண்ணு. மறந்துட்டு என்னாண்ட கேக்காதீங்க."

வர்ற ஞாயிறு... இன்றுதான்.

மூன்று மணிக்கு சர்ச்சில் ஜெபம். அப்புறம் கல்லறைத் தோட்டம். லைனில் இருக்கிற எல்லோரும் குடும்பத்தோடு வருகிறார்கள்.

வீட்டுக்காரர் காலையிலேயே மேஸ்திரிக்குப் போன் பண்ணி லீவு சொல்லிவிட்டார். நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். இப்போது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சின்னவனுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறார். பெரியவள் தண்ணி பாட்டில்களை நிரப்பி வாசலில் வைத்திருக்கிறாள். ஆளுக்கு ஒன்று.

இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அக்கா. நாங்க நாலு பேரும் ஒண்ணா கெளம்பிட்டோம்.

நீங்க நல்ல நெழலா பாத்து ஒக்காருங்க.