தண்ணீர் போகும் வழியில் என் வீடு

மனையில் எதையும் கட்டுவதற்கு முன், மழை பெய்யும்போது ஒருமுறை போய் நின்று பாருங்கள் என்று கட்டடக்கலைப் புத்தகங்கள் சொல்கின்றன. நான் பத்திரம் பதிந்த பிறகு போய் நின்றேன். படிப்பதில் முந்திக்கொள்வேன், செய்வதில்தான் கொஞ்சம் பிந்திவிடும்.

புதுப்பட்டினத்தில் என் மனை. குடை பிடித்து நின்றபோதுதான் தெரிந்தது: பக்கத்து வீட்டு பாயின் கொல்லையிலிருந்து வரும் தண்ணீர் என் மனையைக் குறுக்கே கடந்து, பின்னால் இருக்கும் ஓடையில் இறங்குகிறது. அதற்கு வேறு வழியில்லை.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம். புதிதாக வீடு கட்டுபவர், பக்கத்து வீட்டைவிட ஓரடி உயரமாக மண்ணடிப்பார். அடுத்தவர் அதைவிட ஓரடி. இப்படியே போனால் கடைசி வீட்டுக்காரர் மாடி கட்டாமலேயே கடலைப் பார்க்கலாம். தெருவிலேயே பழைய வீடு, அதனாலேயே தாழ்ந்த வீடு, பாயுடையது.

வீடு கட்ட நான் பிடித்திருந்த மேஸ்திரி மண் லாரிக்குச் சொல்லிவிட்டார்.

"நாம ரெண்டடி ஏத்திரலாம் சார். அப்பால எவன் தண்ணியும் உன் வூட்டாண்ட வராது."

"பாய் வீட்டுத் தண்ணி?"

"அது அவுரு பேஜாரு. உனக்கு இன்னா?"

வேலிக்கு அப்பால் பாய் நின்றிருந்தார். சண்டைக்கு வந்திருந்தால் நானும் நிம்மதியாகச் சண்டை போட்டுவிட்டு மண்ணடித்திருப்பேன். அவரோ, "கொட்டுங்க சார், உங்க எடம். போன மழைக்கு உங்க மனையில புதர் அடைச்சி தண்ணி வூட்டுக்குள்ள வந்துச்சி, கட்டில் காலுக்கு ஒரு செங்கல் வச்சோம். இந்தத் தபா ரெண்டா வச்சிக்கிறோம்" என்றார்.

மறுநாள் காலை லாரி வந்தபோது, வழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். வீரம் என்று நினைத்துவிட வேண்டாம். நின்றால் முழங்கால் வலிக்கும்.

"சார், எந்திரி. லாரி நின்னுகினு கீது."

"மண்ணு வேணாம் மேஸ்திரி. வீட்டைத் தூண் மேல தூக்கு. நெலம் இப்படியே இருக்கட்டும்."

"தூண் மேலயா? வூடு கட்றோமா, வாட்டர் டேங்க் கட்றோமா?"

"டேங்க்னே வச்சிக்கோ."

தலையில் அடித்துக்கொண்டு லாரியைத் திருப்பி அனுப்பினார்.

வீடு கட்டி முடித்து வந்த ஐப்பசியில் மழை அடித்து ஊற்றியது. பாயின் கொல்லைத் தண்ணீர் என் வீட்டுக்கு அடியில் நுழைந்து, ஓடைக்குப் போய்ச் சேர்ந்தது. மேட்டு வீடுகளெல்லாம் வேடிக்கை பார்க்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தால், பாய் நான்கு செங்கற்களை என் தெருவாசலிலிருந்து படிக்கட்டு வரை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கட்டிலுக்கு இனிமே வேணாம் சார். நீங்க இதும்மேல கால் வச்சி நடங்க."

மேஸ்திரி இப்போதும் புது ஆட்களைக் கூட்டிவந்து, எப்படிக் கட்டக்கூடாது என்பதற்கு என் வீட்டைக் காட்டுகிறார். "உள்ள வாங்க, தண்ணி எப்படிப் போவுதுன்னு பாருங்க" என்று நானே கூப்பிடுகிறேன். ஒருவரும் வருவதில்லை. வராவிட்டால் போகட்டும். ஒரு கூடை மண்கூட இங்கே விழாது.