வில்லகொத்தாவின் ஒருநாள் குடிமக்கள்

வில்லகொத்தாவில் பிறந்தவர்களுக்குச் சொந்த ஊர்மேல் அளவில்லாத பாசம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அன்று அது பொங்கி வழியும். மற்ற ஆண்டுகளில் அந்தப் பாசத்தை எல் ஆல்ட்டோ நகரத்தில் வைத்துப் பத்திரமாகப் பாதுகாத்து வந்தார்கள்.

காசிமிரா யுஹ்ராவும் அப்படித்தான். பதினேழு வயதில் ஒரு மூட்டையோடு நகரத்துக்குப் போனவள், பாவாடை தைக்கக் கற்று, இருபத்தாறு ஆண்டுகளில் மூன்று வேலைக்காரிகளை விரட்டி வேலை வாங்கும் முதலாளியம்மா ஆகிவிட்டாள். ஊரில் மிச்சம் இருந்தது அப்பா விட்டுப்போன உருளைக்கிழங்கு நிலம் ஒரு துண்டு. "கணக்கெடுப்புல நம்ம ஊர்ல பேர் எழுதாதவங்களுக்கு நிலம் கிடையாது" என்று தலைவர் ஃபெர்மின் சொல்லி அனுப்பியிருந்தார். தலைக்கு இவ்வளவு என்றுதான் அரசு ஊர்களுக்குப் பணம் பிரித்துக் கொடுத்தது. தலைவரும் எல் ஆல்ட்டோவில்தான் குடியிருந்தார். ஊர் நலன் தூரத்தில் இருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும் போலும்.

நகரத்துத் தெருச் சங்கமும் சும்மா இருக்கவில்லை. கணக்கெடுக்க வரும்போது வீட்டில் ஆள் இல்லையென்றால் சாக்கடை இணைப்பு கிடையாது என்றது. கணவனைச் சாக்கடைக்கு ஒதுக்கிவிட்டு, காசிமிரா நிலத்துக்குக் கிளம்பினாள்.

கணக்கெடுப்பு நாளில் நாட்டில் எந்த வண்டியும் ஓடக்கூடாது. அதனால் முந்தின நாளே பேருந்துகள் வந்து ஆட்களைக் கொட்டின. முப்பது பேர் வாழும் ஊரில் எண்ணூறு பேர். துருப்பிடித்துத் திறக்க மறுத்த பூட்டுகளைக் கல்லால் உடைத்து, அவரவர் நிரந்தர வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

காசிமிரா வீட்டுப் பக்கம் கணக்கு எழுத வந்தவர் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் நெமேசியோ. பள்ளியில் மொத்தம் நாலு பிள்ளைகள். அன்று நூற்றுப் பத்துப் பிள்ளைகளை முகம் சுளிக்காமல் எழுதினார். வீட்டுக்கு ஒரு படிவம். மாலை நாலு மணிக்குப் பையில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. பாக்கி இரண்டு கதவுகள். ஒன்று காசிமிராவுடையது. மற்றது, ஆண்டு முழுக்க அங்கேயே ஆடு மேய்த்து, காசிமிராவின் நிலத்தையும் பார்த்துக்கொள்ளும் பிரிமித்திவாவுடையது.

"காசிமிராவுக்கு எழுதுங்க வாத்தியாரே. பிரிமித்திவா எங்க போகப்போறா? எப்பவும் இங்கதானே இருக்கா" என்றார் கூடவே நோட்டோடு சுற்றிய தலைவர்.

எப்போதும் இருப்பவரை எண்ண வேண்டியதில்லை. காசிமிராவுக்கு அந்த நேரத்தில் அது ஆழ்ந்த தத்துவமாகவே பட்டது.

"இருக்கிறவளை விட்டுட்டு வந்தவளை எழுதினா என் கை விளங்காது" என்றார் வாத்தியார். "ரெண்டு பேரும் ஒரே வீடுன்னு எழுதிடறேன். வீட்டுக்குத் தலைவி யாரு?"

காசிமிரா வாயைத் திறந்தாள். பிரிமித்திவா முந்திக்கொண்டாள். "எந்த வீட்டு அடுப்பு புகையுதுன்னு பாருங்க. நாந்தான்."

"சரி. காசிமிரா உனக்கு என்ன முறை?"

"ஒரு முறையும் இல்ல."

"அப்படின்னா ரெண்டு கட்டம்தான் இருக்கு. ஒண்ணு, விருந்தாளி."

"ஐயோ, விருந்தாளின்னா சொந்த வீடு எங்கன்னு கேள்வி வருமே!" என்று பதறினார் தலைவர். "இன்னொண்ணு?"

"வீட்டு வேலைக்காரி."

"நானா? எங்கிட்டயே மூணு பேர் வேலை செய்யறாங்க!"

"அப்படியா?" வாத்தியார் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். "எந்த ஊர்ல?"

தலைவருக்கு இருமல் வந்தது. காசிமிரா தன் நிலத்தைப் பார்த்தாள். பிறகு தன் புதுப் பாவாடையின் மடிப்பை நீவிவிட்டாள்.

"எழுதுங்க" என்றாள்.

வாத்தியார் எழுதி முடித்து, பிரிமித்திவாவின் கதவில் 'கணக்கெடுத்தாயிற்று' என்ற சீட்டை ஒட்டினார். தலைவர் தன் நோட்டில் காசிமிராவின் பெயருக்கு நேரே ஒரு குறி போட்டார். நிலம் பிழைத்தது.

பிரிமித்திவா மூலையில் இருந்த கம்பை எடுத்து நீட்டினாள். "ஆடெல்லாம் ஏரிக்கரையில நிக்குது. ஓட்டிட்டு வா."

"விளையாடாதக்கா."

"அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கு, நானா விளையாடறேன்? போ போ. அந்தப் பழுப்புக் கிடா முட்டும், பார்த்துப் போ."

தலைவர் வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். காசிமிரா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கம்போடு கிழக்கே நடந்தாள்.

"ஏய், எங்க போற?" என்று பின்னாலிருந்து பிரிமித்திவாவின் குரல் வந்தது. "ஏரி வத்தி மேற்க ஒதுங்கி எட்டு வருஷமாச்சு!"