இருபத்திரண்டு என்று கத்தியவன்

ஓசூரில் நான் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கும் கம்பெனியில், பாதுகாப்பு வாரத்துக்கு என் படத்தைப் போட்டு ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். கடற்படைச் சீருடை, நெஞ்சில் பதக்கம். போர் நடந்த கடலில் இருபத்தோரு உயிர்களைக் காத்த வீரராம். அதைப் பார்க்கப் பிடிக்காமல் இரண்டு நாள் பின்கேட் வழியாகவே வேலைக்கு வந்தேன்.

விழா அன்று காலையில் மாக் டிரில். சைரன் அடித்ததும் எல்லாரும் வெளியே வந்து நிற்க வேண்டும். தலை எண்ணிச் சொல்வது என் வேலை. கேன்டீன் ஆட்கள் பதினான்கு பேர். எண்ணினேன், பதினான்கு. சரி என்று கை காட்டினேன். எச்.ஆர். தம்பிக்கு ஏக சந்தோஷம், நேரத்துக்குள் முடிந்துவிட்டதே என்று.

அப்போது கேன்டீனுக்குள்ளிருந்து மாவுக் கையோடு ஒரு பெண் வந்தாள். கல்லாவி ஊர்க்காரி, அங்கே மாவரைப்பவள்.

"கிரைண்டர் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலைங்ணா. ஏன் எல்லாரும் வெயில்ல நிக்கிறீங்க?"

அந்த வரிசையில் நின்றிருந்த என் காவலாளி ஒருவரையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். எல்லாரும் சிரித்தார்கள். இதே தப்பைக் கடற்படையில் ஏற்கெனவே ஒருமுறை செய்தவன் நான்.

ஏவுகணை தாக்கி எரிந்துகொண்டிருந்த சரக்குக் கப்பல் அது. பட்டியலில் இருபத்திரண்டு பேர். புகைக்குள் ஒவ்வொருவராக எங்கள் ரப்பர் படகில் இழுத்துப் போட்டேன். எண்ணிப் பார்த்து, "இருபத்திரண்டு!" என்று கத்தினேன். படகு திரும்பியது. எங்கள் கப்பலில் ஏற்றி எண்ணினால் இருபத்தொன்றுதான். அவர்களைத் தூக்கிவிடத் தண்ணீரில் குதித்த எங்கள் ஆளையும், எண்ணெய் அப்பிய முகத்தால் அடையாளம் தெரியாமல், சேர்த்து எண்ணியிருந்தேன். திரும்ப விரைந்தோம். அதற்குள் கப்பல் மூழ்கிவிட்டது.

விடுபட்டவர் தாக்குதலிலேயே இறந்துவிட்டதாக அறிக்கை எழுதினார்கள். திரும்ப விரைந்தபோது, புகை விலகிய நொடியில், கடைசிவரை கப்பலின் பின்பக்கத்தில் நின்று அவர் துண்டை வீசிக்கொண்டிருந்ததை நான் மட்டும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. பதக்கத்தை மட்டும் நெஞ்சை நிமிர்த்தி வாங்கிக்கொண்டேன்.

மாலையில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக் கைக்கு வந்ததும் அடக்க முடியவில்லை.

"உயிரோட நின்னவரை நான் தப்பா எண்ணி விட்டுட்டு வந்தேன். நான் வீரன் இல்லை."

எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். "எவ்ளோ பெரிய மனசு பாருங்க!" என்றான் எச்.ஆர். தம்பி. பொன்னாடையை அவன் தலையிலேயே போட்டுவிடலாம் போல எரிச்சலாக இருந்தது.

கீழே இறங்கினேன். காலையில் விடுபட்ட அந்தப் பெண் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் கைதட்டவில்லை.

"இத அந்தாளு ஊட்ல சொல்லிட்டீங்களாண்ணா?"

"அவங்க எங்க இருக்காங்கன்னே தெரியாதும்மா" என்றேன்.

அவர் பெயர், ஊர், மனைவியின் பெயர் எல்லாம் எனக்கு மனப்பாடம்.