தலையணைப் பந்து

பந்து நிலத்தில் விழுந்தால் மேலே எழும்பும் என்பதை நாங்கள் ஏறக்குறைய மறந்திருந்தோம். எங்கள் பந்து விழுந்த இடத்திலேயே கிடக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த ஆளைப் போல, யாராவது வந்து தூக்கும்வரை அசையாது.

அது பொருளாதாரத் தடைக் காலம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் சோப்பும் அரிது. பற்றரியைக் கண்ணாலும் காண முடியாது. வாகனச் சத்தம் இல்லாததால் பின்னேரங்கள் மிகவும் நீளமாக இருந்தன. வட்டுக்கோட்டைக்குச் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்த எங்கள் ஊரில், சனசமூக நிலையத்துக்குப் பின்னால் ஒரு கூடைப்பந்துத் திடல் இருந்தது. திடல் என்றால் மிதித்து மிதித்து இறுகிய மண்தான். இரண்டு அந்தத்திலும் பனங்குற்றி, குற்றியில் பலகை, பலகையில் மாட்டு வண்டிச் சில்லின் இரும்புப் பட்டத்தை வெட்டி வளைத்த வளையம். அதன் கீழே கிழிந்த மீன்வலைத் துண்டு ஒன்று தொங்கும்.

நல்ல காலத்தில் வாங்கிய றப்பர் பந்து ஒன்று எங்களிடம் இருந்தது. காற்றுப் போகும்போதெல்லாம் சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டு வந்தோம். பிறகு ஒட்டுவதற்குச் சொலூசன் பசையும் இல்லாமல் போயிற்று. அப்போதுதான் என் மாமா மகன் அந்தப் பந்தைக் கத்தியால் கீறி, வீட்டிலிருந்த பழைய தலையணையைப் பிரித்து, இலவம் பஞ்சை அதற்குள் அடைத்துத் தைத்துக்கொண்டு வந்தான். மருதனார்மடம் சந்தையில் வெங்காயச் சாக்குத் தைப்பது அவனுடைய வேலை. சாக்கு ஊசி எப்போதும் அவன் சேட்டுப் பையில் இருக்கும். நாங்கள் ஐந்து பேர் விளையாடுவோம். மற்ற மூவரும் அந்தப் பந்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன் அதில் தலையை வைத்துத் திடலிலேயே படுத்துக் காட்டினான். அன்றிலிருந்து அது தலையணைப் பந்து.

துள்ளாத பந்தோடு கூடைப்பந்து விளையாடுவது வேறு ஒரு விளையாட்டு. பந்தை நிலத்தில் தட்டித் தட்டி ஓட முடியாது. கையில் வைத்துக்கொண்டு ஓடினால் பிழை. ஆகவே பந்து கைக்கு வந்தால் நிற்க வேண்டும், நின்று அடுத்தவனைத் தேட வேண்டும். எனக்கு அது பிடித்துப்போயிற்று. வளையத்துக்குள் போடுகிறவனை எல்லோரும் பார்ப்பார்கள். எறிந்து கொடுத்தவனை ஒருவரும் பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அண்ணையோடு தோட்டத்தில் நின்ற எனக்கு, ஒருவரும் பார்க்காத இடம்தான் சுகமாக இருந்தது. யார் எங்கே ஓடப் போகிறான் என்பது அவன் ஓடுவதற்கு முன்பே எனக்குத் தெரிய ஆரம்பித்தது. பந்தை அந்த வெறும் இடத்துக்கு விடுவேன். ஆள் அங்கே வந்து சேர்வான். சில பின்னேரங்களில் அது விளையாட்டு மாதிரியே இருக்காது. கனவில் ஒருவருக்கொருவர் ஏதோ கொடுத்து வாங்குவது போல, சத்தமே இல்லாமல் பந்து கைக்குக் கை போய்க்கொண்டிருக்கும்.

கடைசியில் அது மாமா மகனிடம் போகும். வளையத்துக்கு வலது பக்கம், பூவரசின் நிழல் விழுகிற இடம் அவனுடையது. அங்கே நின்று எறிந்தால் பிழைக்காது. ஆனால் மிகக் குறைவாகத்தான் எறிவான். ஒரு பின்னேரம் முழுவதும் நின்று நாலைந்து தரம் மட்டும் எறிந்த நாட்களும் உண்டு. பந்து இரும்பில் பட்டால் தையல் விட்டுவிடும். தையல் விட்டால் பஞ்சு பறக்கும், பிறகு அவன்தான் இருந்து தைக்க வேண்டும். ஆகவே இரும்பில் படாது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் கையைத் தூக்குவான். மற்ற மூவரும் கண்ட இடத்திலிருந்தும் எறிவார்கள். அவர்கள் எறிந்த பிறகு வெள்ளைப் பஞ்சு வெயிலில் மிதந்து பூவரசுக்கு மேலே போகும். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அவன் ஊசியை எடுப்பான்.

ஒருநாள் அவன் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனித் தைக்க இடமில்லை என்றான். றப்பர் உக்கிப்போயிருந்தது. ஊசி போன இடமெல்லாம் கிழிந்தது. அதோடு எங்கள் விளையாட்டு முடிந்தது என்றே நினைத்தோம்.

அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் கடல்நீரேரி தாண்டி வந்தார். தன் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு புதுப் பந்து கொண்டுவந்திருந்தார். அவருக்குத் தகப்பன் வழியில் எங்கள் ஊர், தாய் வழியில் வயலுக்கு அந்தப் பக்கத்து ஊர். அந்த ஊரிலும் ஐந்து பேர் விளையாடினார்கள். இரண்டு சனசமூக நிலையங்களும் பந்து தங்களுக்குத்தான் என்று கதைத்தன. பெரியவர் யாரையும் பகைக்க விரும்பவில்லை. விளையாடுங்கள், வென்றவர்கள் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஒரு பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் திடலில், அந்தப் புதுப் பந்தினாலேயே விளையாடுவதென்று முடிவாயிற்று. அதைக் கையில் எடுத்தபோது புது றப்பர் மணம் வந்தது. எங்களில் ஒருவன் அதைக் கீழே போட்டான். அது எழும்பி அவன் கைக்கே வந்தது. அவன் திரும்பவும் போட்டான். திரும்பவும் வந்தது.

எங்கள் ஆட்கள் மூவருக்கும் அதோடு மயக்கம் வந்துவிட்டது. கைக்கு வந்த பந்தை விடவே மாட்டார்கள். தட்டித் தட்டி ஓடினார்கள், தட்டத் தெரியாமல் காலில் பட்டு வெளியே விட்டார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. அந்த டும் டும் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. மாமா மகன் மட்டும் வலது பக்கத்தில் தன் இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அங்கே பூவரசும் இல்லை, நிழலும் இல்லை. நிழலில் நிற்பவன் போலவே நின்றான். இடைவேளை வரும்போது நாங்கள் புள்ளிகளில் நன்றாகப் பின்னால் நின்றோம்.

அவன் எங்களிடம் வந்து ஒன்றே ஒன்று சொன்னான்.

"இதுக்குள்ளையும் பஞ்சுதான் எண்டு நினையுங்கோடா."

அப்படித்தான் நினைத்தோம். இரண்டாம் பாதியில் பந்து நிலத்தைத் தொடவில்லை. எனக்கு எல்லாம் மெதுவாகத் தெரிய ஆரம்பித்தது. அவர்களுடைய நெட்டையன் ஒருவன் கைகளை விரித்துக்கொண்டு வருவது, நீருக்குள் நடந்து வருவது போல இருந்தது. அவன் கைக்குக் கீழே ஒரு வாசல் திறந்திருப்பதைக் கண்டு பந்தை அதற்குள்ளால் விட்டேன். மாமா மகன் எறிந்தான். விழுந்தது. மீண்டும் எறிந்தான், விழுந்தது. ஒன்றுகூட இரும்பைத் தொடவில்லை. ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு வந்துவிட்டோம். இனி ஒரு தரம் விழுந்தால் பந்து எங்களுடையது.

பந்து என் கையில். அவன் தன் இடத்தில். கொடுத்தேன். நெட்டையன் அவனுக்கு முன்னால் பாய்ந்தான். நான் அதற்குள் வளையத்துக்குக் கீழே வந்திருந்தேன், எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. மாமா மகன் அதைக் கண்டு, அதுவரை செய்யாத காரியம் ஒன்றைச் செய்தான். பந்தை எனக்குத் தந்தான். ஆனால் அவன் தந்தவுடன் நெட்டையன் என் பக்கம் திரும்பினான், மாமா மகன் தனியே நின்றான். நிச்சயமாகப் போடக்கூடியவன் அவன்தான். நான் அவனுக்கே திருப்பிக் கொடுத்தேன். அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் எனக்கு எறிந்தான். நேரம் முடிந்து விசில் ஊதியபோது பந்து எங்கள் இருவருக்கும் நடுவில், ஆகாயத்தில் இருந்தது.

பிறகு அண்ணை சனத்துக்குள் இருந்து கேட்டார்.

"பந்தடிக்க வந்தனீங்களோ, பந்தியிலை இருக்க வந்தனீங்களோ? கடைசி வடைக்கு நீ எடு, நீ எடு எண்டு நிண்டால் வடையைக் காகம் கொண்டு போடும்."

சனம் சிரித்து ஓய நேரம் எடுத்தது. அண்ணை சொன்னதில் பிழையில்லை. எங்கள் வீடுகளில் தட்டத்தில் கடைசியாகக் கிடக்கும் வடையை ஒருவரும் தொடுவதில்லை. நீங்கள் எடுங்கோ என்று ஆளுக்காள் தள்ளுவோம். அது ஆறிப்போய்த் திரும்பக் குசினிக்குப் போகும். அப்படி வளர்ந்த இருவரிடம் கடைசிப் பந்து வந்திருந்தது.

வயல் வரம்பால் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பும்போது, நீ ஏன் போடவில்லை என்று மாமா மகனிடம் கேட்டேன்.

"ஊசி கொண்டு வரேல்லை மச்சான்" என்றான்.

புதுப் பந்து வயலுக்கு அந்தப் பக்கம் போயிற்று. அதன் பிறகு எங்கள் திடலில் புல் வளர்ந்தது. பின்னேரங்களில் பழக்கத்துக்குப் போய் நிற்போம். பந்து இல்லாமல் ஐந்து பேர் ஒரு திடலில் நிற்பது விநோதமாக இருக்கும். ஒருவன் வெறும் கையால் எறிவது போலக் காட்டுவான், இன்னொருவன் பிடிப்பது போலக் காட்டுவான். நானும் அந்த இல்லாத பந்தை மாமா மகன் நிற்கும் பக்கம் விட்டிருக்கிறேன். அவன் பிடிக்கவும் செய்தான்.

மழைக்காலம் முடிந்த ஒரு பின்னேரம் வயலுக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று சைக்கிள்கள் வந்தன. முன்னால் நெட்டையன். அவனுடைய சைக்கிள் காண்டிலில் ஓர் உமல் தொங்கியது. அந்தப் பனையோலைப் பை உருண்டையாகப் புடைத்திருந்ததால் உள்ளே என்ன என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. தங்கள் ஐந்து பேரில் இருவர் கொழும்பால் வெளிநாடு போய்விட்டார்கள் என்று அவன் சொன்னான். அவனுக்கும் கூச்சம்தான். மண்ணைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னான்.

"எங்களிட்டைப் பந்து கிடக்கு, ஆக்கள் இல்லை. உங்களிட்டை ஆக்கள் இருக்கினம். சேர்ந்து விளையாடுவமே?"

ஓம் என்று சொல்வதற்கு முன்பே எங்களில் ஒருவன் உமலை அவிழ்த்துவிட்டான். எட்டுப் பேரை நாலு நாலாகப் பிரிக்க வேண்டும். நெட்டையன் என்னைக் காட்டினான்.

"உந்த எறிஞ்சு குடுக்கிறவர் எங்கடை பக்கம் வரட்டும்."

திடலில் எல்லோரும் என்னைப் பார்த்தது அன்றைக்குத்தான். காது சுட்டது. நான் அந்தப் பக்கம் போய் நின்றேன். மாமா மகன் எனக்கு எதிர்ப் பக்கமானான்.

புல்லுக்குள் ஒரே வளையத்தில் விளையாடினோம். நெட்டையன் எனக்குப் பந்தைத் தந்தான். நான் நின்றேன், பார்த்தேன். வலது பக்கத்தில் பூவரசின் நிழலில் ஒரு கை தூக்கியிருந்தது. அதற்குப் பிறகு யோசித்ததாக நினைவில்லை. பந்து என் கையை விட்டுப் போய், எதிர்ப் பக்கத்து ஆளான மாமா மகனின் கையில் போய்ச் சேர்ந்தது. அவன் கையை ஏன் தூக்கியிருந்தான் என்று அவனுக்கும் தெரிந்திருக்காது.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான், வளையத்தைப் பார்த்தான், எறிந்தான். இரும்பில் படாமல் மீன்வலைக்குள்ளால் இறங்கியது.

"நீர் ஆருடைய பக்கம் ஐசே?" என்று நெட்டையன் கேட்டான்.

பந்து துள்ளித் துள்ளி வயல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு துள்ளலும் முன்னதை விடச் சிறிதாக, சத்தமும் சிறிதாக. நாங்கள் ஐந்து பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். விழுந்த பந்தின் பின்னால் ஓட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.